‘நன்றி: இணையம்’ என்று போட்டால் போதுமா? உங்கள் எழுத்து திருடப்பட்டால் செய்ய வேண்டியவை

கட்டுரை, சமையல் குறிப்பு, புகைப்படம், தொடர்கதை... உங்கள் இணையதளத்தில் இருப்பது இன்னொருவர் பெயரில் உலாவுகிறதா? வழக்கறிஞரைத் தேடி ஓடுவதற்கு முன் நீங்களே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் ஒரு நீண்ட கட்டுரையாவது வந்துவிடுகிறது. மேலே ‘படித்ததில் பிடித்தது’ என்று இருக்கும். கீழே ‘நன்றி: இணையம்’ என்று இருக்கும். நடுவில் உள்ள அத்தனை வரிகளையும் எழுதியவர் யார் என்பது மட்டும் இருக்காது.

‘இணையம்’ என்ற பெயரில் ஓர் எழுத்தாளர் கிடையாது. வீட்டு வேலைகளை முடித்துவிட்டு இரவில் உட்கார்ந்து சமையல் குறிப்பு எழுதும் இல்லத்தரசி, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்காகப் பாடக் குறிப்பு தயாரிக்கும் ஆசிரியர், ஊர் ஊராகப் போய்க் கோயில்களைப் படம் எடுத்துப் போடும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர், வாரம் ஓர் அத்தியாயம் எழுதும் தொடர்கதை எழுத்தாளர் என்று யாரோ ஒருவருடைய உழைப்பு அது. பலருக்கு அந்த இணையதளத்தில் வரும் விளம்பரக் காசுதான் மாத வருமானம். இன்னொரு தளம் அதை அப்படியே எடுத்துப் போட்டால், வாசகர்கள் அங்கே போகிறார்கள். விளம்பரப் பணமும் அங்கே போகிறது.

இப்படி நடக்கும்போது பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். முகநூலில் திட்டித் தீர்க்கிறார்கள். அல்லது, ‘நம்மால் என்ன செய்ய முடியும்’ என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டாலும் பலன் இல்லை. நகல் எடுத்த பக்கத்தை நீக்கவைக்கப் பல நேரங்களில் நீதிமன்றம் தேவைப்படாது, பணமும் தேவைப்படாது. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற வரிசை தெரிந்தால் போதும்.

எழுதிய நிமிடமே உங்களுக்குச் சொந்தம்

‘நான் பதிவு செய்யவில்லையே, எனக்கு உரிமை இருக்கிறதா?’ என்பதுதான் பலருடைய முதல் சந்தேகம். இருக்கிறது. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பு உருவான உடனேயே அதற்குப் பதிப்புரிமை, அதாவது காப்பிரைட் வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. பக்கத்தின் அடியில் வட்டத்துக்குள் ‘சி’ போட்ட அடையாளம் இல்லாவிட்டாலும் உரிமை போய்விடாது. எழுத்தாளர் வாழும் காலம் முழுவதும், அவர் காலத்துக்குப் பிறகு இன்னும் 60 ஆண்டுகளுக்கும் அந்த உரிமை நீடிக்கும்.

இந்தியா பெர்ன் ஒப்பந்தத்தில் உறுப்பினராக இருப்பதால், அதில் உள்ள மற்ற நாடுகளிலும் உங்கள் எழுத்துக்குப் பாதுகாப்பு உண்டு. நகல் எடுத்த தளம் வெளிநாட்டில் இருந்தாலும் கேள்வி கேட்கலாம்.

ஒரே ஒரு விஷயத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேலை பார்க்கும் நிறுவனத்துக்காகப் பணியின் பகுதியாக எழுதியது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமை பொதுவாக நிறுவனத்துக்குத்தான். பிறருக்காக எழுதிக் கொடுத்து, உரிமையை எழுத்து மூலம் கொடுத்திருந்தாலும் புகார் செய்ய வேண்டியவர் அவர்தான். ஆனாலும், ‘இதை எழுதியவர் நான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை சட்டத்தின் 57-வது பிரிவின்படி எழுத்தாளருக்குத் தனியாக உண்டு. பதிப்புரிமையை விற்ற பிறகும் அது போகாது. ‘நன்றி: இணையம்’ முதலில் பறிப்பது இந்த உரிமையைத்தான்.

எது திருட்டு, எது இல்லை?

புகார் செய்வதற்கு முன் இதைப் புரிந்துகொள்வது முக்கியம். சட்டம் பாதுகாப்பது எண்ணத்தை அல்ல, அதைச் சொன்ன விதத்தை.

அதிரசத்தை எடுத்துக்கொள்வோம். பச்சரிசி, வெல்லம், ஏலக்காய், சுக்கு என்ற பட்டியலுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. பாகு காய்ச்சி மாவில் கலக்க வேண்டும் என்பதும் ஊருக்கே தெரிந்த செய்முறை. ஆனால், ‘தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், விரலில் உருண்டால் இறக்கிவிடுங்கள். தட்டில் போட்டதும் டங் என்று சத்தம் கேட்டால் பாகு முற்றிவிட்டது’ என்று நீங்கள் உங்கள் பாணியில் விளக்கி எழுதிய பத்திகள் உங்களுடையவை. நீங்கள் எடுத்த படமும் உங்களுடையது. இன்னொருவர் அதே அதிரசத்தைத் தானே செய்து, தன் வார்த்தைகளில் எழுதினால் அது திருட்டு இல்லை. உங்கள் பத்திகளையும் படத்தையும் அப்படியே தூக்கிப் போட்டால் அது மீறல்.

இதை உச்ச நீதிமன்றம் 1978-லேயே தெளிவாக்கியிருக்கிறது. தன்னுடைய ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகத்தைத் தழுவி ‘நியூ டெல்லி’ என்ற இந்திப் படத்தை எடுத்துவிட்டார்கள் என்று ஆர்.ஜி.ஆனந்த் தொடுத்த வழக்கு அது. இரண்டிலும் கரு ஒத்துப்போனாலும், கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, சொன்ன விதத்தில் கணிசமான நகல் இருக்க வேண்டும் என்று சொல்லி, நாடக ஆசிரியரின் கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

அதேபோல, விமர்சனம் செய்வதற்காகவோ நடப்புச் செய்தியைச் சொல்வதற்காகவோ உங்கள் கட்டுரையிலிருந்து சில வரிகளை மேற்கோள் காட்டுவதை 52-வது பிரிவு அனுமதிக்கிறது. ‘இத்தனை வார்த்தை வரை எடுக்கலாம்’ என்ற கணக்கு எதுவும் இந்தியச் சட்டத்தில் இல்லை. எவ்வளவு எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் முடிவு.

சிலர் நினைப்பதுபோல, மொழியை மாற்றினால் தப்பித்துவிடலாம் என்பதும் இல்லை. மொழிபெயர்க்கும் உரிமையும் எழுதியவருக்கே சொந்தம். உங்கள் கதையை வரிக்கு வரி வாசித்து யூடியூபில் ஆடியோவாகப் போடுவதற்கும் உங்கள் அனுமதி வேண்டும். ‘நன்றி’ என்று உங்கள் பெயரைப் போட்டிருந்தாலும், முழுக் கட்டுரையை எடுக்க அது அனுமதி ஆகிவிடாது.

கண்டுபிடிப்பது எப்படி?

உங்கள் கட்டுரையில் வேறு யாரும் எழுதியிருக்க வாய்ப்பில்லாத ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுங்கள். அதை மேற்கோள் குறிக்குள் வைத்து கூகுளில் தேடுங்கள். அதே வாக்கியம் இருக்கும் பக்கங்கள் வரும். தலைப்பை மாற்றியிருப்பார்கள், முதல் பத்தியையும் மாற்றியிருப்பார்கள். ஆகவே, கட்டுரையின் நடுப்பகுதியிலிருந்து வாக்கியத்தை எடுப்பது நல்லது.

தினமும் தேட முடியாதவர்கள் கூகுள் அலெர்ட்ஸில் அந்த வாக்கியத்தைக் கொடுத்து வைக்கலாம். புதிதாக எங்காவது வந்தால் மின்னஞ்சல் வரும். படங்களுக்கு கூகுள் லென்ஸ், டின்ஐ போன்ற வசதிகள் இருக்கின்றன. உங்கள் கட்டுரைக்குள் உங்கள் பழைய கட்டுரைகளுக்கு இணைப்பு கொடுப்பதும் ஒரு நல்ல பொறி. அவசரத்தில் நகல் எடுப்பவர்கள் அந்த இணைப்புகளை நீக்க மறந்துவிடுவார்கள். கூகுள் சர்ச் கன்சோலில், உங்களுக்கு இணைப்பு கொடுத்திருக்கும் தளங்களின் பட்டியலில் அவர்கள் சிக்குவார்கள்.

கோபத்துக்கு முன் ஆதாரம்

நகல் எடுத்த பக்கத்தைப் பார்த்த உடனே அங்கே போய்ச் சண்டை போடாதீர்கள். அவர் பக்கத்தை நீக்கிவிட்டால் பிரச்னை முடிந்தது. தேதியை மாற்றிவிட்டு, ‘நான்தான் முதலில் எழுதினேன்’ என்று சொன்னால்? அதற்கு முன்பே கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

* பக்கத்தின் முழு முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பக்கத்தை பி.டி.எஃப் ஆகவும் சேமியுங்கள்.
* இன்டர்நெட் ஆர்க்கைவின் ‘வேபேக் மெஷின்’ தளத்தில் அந்த முகவரியைக் கொடுத்துச் சேமித்தால், அன்றைய தேதியோடு ஒரு நகல் மூன்றாவது இடத்தில் இருக்கும். உங்கள் பக்கத்தையும் அப்படியே சேமியுங்கள்.
* உங்கள் முதல் வரைவு, திருத்தங்களின் வரலாறு, கேமராவில் எடுத்த ஒரிஜினல் படம் ஆகியவற்றை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் எடுத்த தேதி போன்ற விவரங்கள் தங்காது. ஒரிஜினல் ஃபைலில் இருக்கும்.
* எந்தெந்தப் பக்கம் எந்தெந்தப் பக்கத்தின் நகல் என்று இரண்டு பத்திகளில் பட்டியல் போடுங்கள். அடுத்த எல்லாப் படிகளுக்கும் இதுதான் அடிப்படை.

விஷயம் நீதிமன்றம் வரை போனால், வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்துடன் ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும். எந்தக் கருவியில், எப்போது எடுத்தீர்கள் என்பதை இப்போதே குறித்து வைத்தால் பிறகு சிரமம் இருக்காது.

முதலில் ஒரு கடிதம்

எல்லோரும் திருட வேண்டும் என்று எடுப்பதில்லை. இணையத்தில் இருப்பதெல்லாம் பொதுச் சொத்து என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வேலைக்கு வைத்த ஆள் நகல் எடுத்தது தெரியாத தள உரிமையாளர்களும் இருக்கலாம். எனவே, முகம் தெரிந்த தளமாக இருந்தால் முதலில் ஒரு கடிதம் அனுப்பலாம். அதற்கு முன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பக்கத்தை நீக்க வேண்டுமா, பெயரும் இணைப்பும் போட்டால் போதுமா, கட்டணம் வேண்டுமா?

கடிதம் இப்படி இருக்கலாம்:

‘வணக்கம். உங்கள் இணையதளத்தில் இந்த முகவரியில் உள்ள கட்டுரை, என் தளத்தில் இந்தத் தேதியில், இந்த முகவரியில் நான் வெளியிட்ட கட்டுரையின் நகல். இதற்கு நான் அனுமதி கொடுக்கவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த ஏழு நாள்களுக்குள் அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டு எனக்குத் தெரிவிக்கவும். இல்லையென்றால், பதிப்புரிமைச் சட்டப்படி மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்.’

இவ்வளவு போதும். திட்டும் வார்த்தைகள் வேண்டாம். ‘திருடன்’ என்று படத்தோடு முகநூலில் போட்டால், அவர் உங்கள் மீது அவதூறு வழக்கு போட வழி கொடுத்ததாகிவிடும். அடிப்படை இல்லாமல் வழக்கு மிரட்டல் விட்டாலும் சிக்கல் உண்டு. அப்படி மிரட்டப்பட்டவர் நீதிமன்றம் போக 60-வது பிரிவு இடம் தருகிறது.

பதில் இல்லையா? இடம் கொடுத்தவரைக் கேளுங்கள்

பெயர் இல்லை, தொடர்பு எண் இல்லை, தானியங்கி மென்பொருளை வைத்து நூற்றுக்கணக்கில் நகல் எடுக்கும் தளம் என்றால் கடிதத்தால் பயன் இல்லை. அந்தப் பக்கத்துக்கு இணையத்தில் இடம் கொடுத்திருக்கும் நிறுவனத்திடம் போக வேண்டும்.

அமெரிக்க நிறுவனங்கள் பலவும் 1998-ல் வந்த ‘டி.எம்.சி.ஏ’ என்ற அந்நாட்டுச் சட்டப்படி, நீக்கக் கோரும் புகார்களை ஏற்கின்றன. கூகுள், யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றிலும் இதற்கென ஆன்லைன் படிவம் இருக்கிறது. கட்டணம் இல்லை. இந்தியாவில் இருப்பவர்களும் அனுப்பலாம். உங்கள் பெயர், தொடர்பு விவரம், உங்கள் படைப்பின் முகவரி, நகல் இருக்கும் முகவரி, ‘இதற்கு அனுமதி இல்லை என்று நல்லெண்ணத்துடன் நம்புகிறேன், தகவல்கள் சரியானவை’ என்ற உறுதிமொழி, கையொப்பம் ஆகியவை தேவை.

எங்கே புகார் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதில் பலர் குழம்புகிறார்கள்.

* கூகுள் தேடல்: அந்தப் பக்கம் தேடல் முடிவுகளிலிருந்துதான் நீங்கும். தளத்தில் அப்படியே இருக்கும். ஆனால், தேடலில் வராத தளத்துக்கு வாசகர் வரத்து குறைந்துவிடும்.
* பிளாகர்: இது கூகுளுடையது என்பதால் பக்கத்தையே நீக்க முடியும்.
* யூடியூப்: வீடியோ நீக்கப்படும், சேனலுக்கு ‘ஸ்டிரைக்’ விழும். 90 நாள்களுக்குள் மூன்று ஸ்டிரைக் வாங்கினால் சேனலே மூடப்படலாம். அவ்வளவு தூரம் போக விரும்பாதவர்கள், தானே நீக்கிக்கொள்ள ஏழு நாள் அவகாசம் கொடுக்கும் வசதியும் அதே படிவத்தில் இருக்கிறது.
* தனி இணையதளம்: ‘ஹூ இஸ்’ தேடலில் டொமைன் யாரிடம் பதிவானது என்று தெரியும். ஹோஸ்டிங் நிறுவனத்தின் புகார்ப் பக்கத்துக்கு எழுதுங்கள். தளம் கிளவுட்ஃபிளேர் பின்னால் மறைந்திருந்தால், அந்த நிறுவனத்தின் படிவத்தில் புகார் செய்யலாம். அது ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிவைக்கும்.
* விளம்பரம்: நகல் தளத்தில் கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரம் ஓடினால், அதற்கும் தனியாகப் புகார் செய்யலாம். வருமானம் நின்றால், நகல் எடுக்கும் ஆர்வமும் நின்றுவிடும்.

புகாரில் ‘இந்தத் தளம் முழுவதும் என் கட்டுரைகள்தான்’ என்று பொதுவாக எழுதினால் பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் தனித்தனியாகக் கொடுங்கள். மைஸ்பேஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016-ல் சொன்னதும் இதுதான். குறிப்பாக எது மீறல் என்று தெரிவித்தால்தான் இணைய நிறுவனத்துக்குப் பொறுப்பு வரும்.

எதிர்த் தரப்பு, ‘இது என்னுடையது’ என்று பதில் மனு கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால், நீங்கள் வழக்கு தொடுக்காத பட்சத்தில் 10 முதல் 14 வேலை நாள்களில் அந்தப் பக்கம் திரும்பி வந்துவிடலாம். பொய்ப் புகார் கொடுத்தால் இழப்பீடு கொடுக்க நேரிடும் என்பதையும் மறக்க வேண்டாம். போட்டியாளரை முடக்க இதை ஆயுதமாக்கக் கூடாது.

புனைபெயரில் எழுதும் பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. படிவத்தில் சட்டப்படியான பெயர் கேட்பார்கள். அது எதிர்த் தரப்புக்குப் போகலாம். கூகுளுக்கு அனுப்பும் புகாரின் நகல் ‘லூமென்’ என்ற பொது ஆவணத் தளத்துக்கும் போகும். வீட்டு முகவரி, சொந்த எண் வெளியே தெரியக் கூடாது என்றால், வழக்கறிஞர் மூலமாகவோ பிரதிநிதி மூலமாகவோ புகார் செய்வது பாதுகாப்பு.

நம் சட்டத்தில் 36 மணி நேரம்

2013-ம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில் 75-வது விதி இதே போன்ற ஒரு வழியைத் தருகிறது. எழுத்துபூர்வமாகப் புகார் கிடைத்து, அது சரி என்று திருப்தி அடைந்தால், நகலை வைத்திருக்கும் இணைய நிறுவனம் 36 மணி நேரத்துக்குள் அதை மற்றவர்கள் அணுக முடியாதபடி நிறுத்த வேண்டும். வேகமான வழிதான். ஆனால், 21 நாள்களுக்குள் வழக்கு தொடுத்து, நீதிமன்ற உத்தரவைக் கொண்டு வருவேன் என்று நீங்கள் உறுதி கொடுக்க வேண்டும். உத்தரவு வராவிட்டால் பக்கம் மறுபடியும் திறக்கப்படலாம். வழக்கு போடத் தயாராக இருப்பவர்களுக்கு இது பொருந்தும். மற்றவர்களுக்கு, நிறுவனங்களின் சொந்தப் படிவமே எளிது.

நீதிமன்றம் எப்போது?

நஷ்டம் பெரிது, நகல் எடுப்பவர் நிறுத்தவே மாட்டேன் என்கிறார் என்றால் வழக்கு போடலாம். தடை உத்தரவு, நஷ்டஈடு, அவர் சம்பாதித்த லாபத்தின் கணக்கு ஆகியவற்றைக் கேட்க 55-வது பிரிவு வழி செய்கிறது. 62-வது பிரிவு இன்னொரு வசதியைத் தருகிறது. எதிராளி டெல்லியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்கு தொடுக்கலாம். திருநெல்வேலியில் உட்கார்ந்து எழுதுகிறவர் டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

தெரிந்தே மீறுவது குற்றமும்கூட. 63-வது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். லாப நோக்கம் இல்லை என்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று 2022-ல் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

‘டெலிகிராமில் போனால் பிடிக்கவே முடியாது’ என்ற பேச்சும் முழு உண்மை இல்லை. தங்கள் இ-பேப்பரை பி.டி.எஃப் ஆக்கி டெலிகிராம் சேனல்களில் பகிர்வதாக, ‘தைனிக் ஜாக்ரன்’ நாளிதழை நடத்தும் நிறுவனம் 2020-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் சேனல்களை முடக்கவும், அவற்றை நடத்துகிறவர்களின் விவரத்தைக் கொடுக்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022-ல் போட்டித் தேர்வுப் பயிற்சி ஆசிரியர் ஒருவரின் பாடங்கள் பகிரப்பட்ட வழக்கிலும், சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்ற டெலிகிராமின் வாதத்தை ஏற்காமல், சேனல் நடத்துகிறவர்களின் போன் எண், மின்னஞ்சல், ஐ.பி முகவரி ஆகியவற்றைக் கொடுக்கச் சொன்னது.

வருமுன் காக்க

முக்கியமான படைப்புகளைப் பதிப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனில் பதிவு செய்துவிடலாம். எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபம் வருகிறதா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பு உண்டு. பதிவுச் சான்றிதழை நீதிமன்றம் முதல்நிலை ஆதாரமாக எடுத்துக்கொள்ளும். தொடர்கதை, பாட நூல், கட்டுரைத் தொகுப்பு போன்றவற்றுக்கு இது பயன்படும்.

தளத்தின் ‘ஃபீட்’ வழியாகத்தான் தானியங்கி மென்பொருள்கள் பலவும் கட்டுரையை உருவுகின்றன. செட்டிங்ஸில் போய், முழுக் கட்டுரைக்குப் பதில் சுருக்கம் மட்டும் போகும்படி மாற்றிவிடுங்கள். படங்களின் ஓரத்தில் போடும் பெயரை வெட்டிவிடுவார்கள். படத்தின் முக்கியப் பகுதியை ஒட்டியே போட்டால் வெட்டுவது கடினம். ‘ரைட் கிளிக்’ வேலை செய்யாமல் பூட்டி வைப்பதால் பெரிய பயன் இல்லை. எடுக்க நினைப்பவருக்கு அதைத் தாண்ட ஒரு நிமிடம் போதும். சிரமப்படுவது உங்கள் வாசகர்தான். ‘பகிர விரும்பினால் முதல் பத்தியும் இணைப்பும் மட்டும் போடவும்’ என்று தெளிவாக எழுதி வைப்பது அதைவிட மேல். அனுமதி எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்பது நல்லெண்ணத்தோடு வருபவர்களுக்குப் புரிந்துவிடும்.

பகிர்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

வாசகர்கள் எல்லோரும் இணையதளம் நடத்துவதில்லை. ஆனால், எல்லோரும் பகிர்கிறோம். பிடித்த கட்டுரையை முழுதாக நகல் எடுத்து ஒட்டுவதற்குப் பதில் அதன் இணைப்பை அனுப்பினால், படிக்கிறவருக்கும் சிரமம் இல்லை, எழுதியவருக்கும் ஒரு வாசகர் கிடைக்கிறார். பெயர் இல்லாமல் வந்த ஒரு பதிவு மனதைத் தொட்டால், அதிலிருந்து ஒரு வரியை எடுத்து மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடிப் பாருங்கள். எழுதியவர் பெரும்பாலும் கிடைத்துவிடுவார். அடுத்த முறை ‘நன்றி’க்குப் பக்கத்தில் அவர் பெயரைப் போட்டு, இணைப்பையும் கொடுத்து அனுப்புங்கள்.